பஸ்ஸுக்கு எட்டுப் பேர்

காலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் முனையில் கம்பெனி பஸ் ஏறினால் ஏழரைக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இறங்குவேன். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு அங்கே ஏறினால் வீடு வந்து சேர ஏழேகால், ஏழரை ஆகிவிடும். ஒன்பது வருஷமாக இதுதான் என் நாள்.

அதற்கு முன்பு நகரியில் ஒரு பவர்லூம் ஷெட்டில் இருந்தேன். வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டு, கால் மணி நேரம் கட்டையைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் போவேன். ஆனால் நூல் வந்தால் வேலை, கரண்ட் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் ஷெட் வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க வேண்டியதுதான். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். பத்தாவது படித்தவன், வயது நாற்பதை நெருங்குகிறது, எடுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

குடும்பத்தோடு சத்தியவேட்டுக்குக் குடிபோய்விடு என்பதுதான் அப்போது எல்லோரும் சொன்ன யோசனை. அங்கிருந்து கம்பெனி அரை மணி நேரம்கூட இல்லை. நல்ல யோசனைதான். ஆனால் என் மனைவி எங்கள் ஊர் அங்கன்வாடியில் டீச்சர்.

அந்த வேலை அவளுக்கு லேசில் வரவில்லை. கல்யாணமாகி வரும்போது எட்டாவதோடு நிறுத்தியவள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் ஆயாவாகச் சேர்ந்தாள். பருப்பு வேகும் நேரத்தில் அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்து, ஓப்பன் ஸ்கூலில் பத்தாவது எழுதினாள். கணக்கு ஒரு தடவை போய்விட்டது. மறுபடி எழுதிப் பாஸானாள். பழைய டீச்சர் ரிடையரானதும் அந்த இடத்துக்கு மனுப் போட்டு வாங்கினாள். அந்த வேலைக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. அந்த ஊர் மருமகளாக இருக்கவேண்டும், அந்த ஊரிலேயே குடியிருக்கவேண்டும். ஊரை விட்டால் வேலையையும் விடவேண்டும். மாற்றல் என்ற பேச்சே கிடையாது.

அதனால் நான் பஸ் ஏறினேன். என் அண்ணன் டீக்கடையில் பத்துப் பேர் கேட்கச் சொன்னார்.

"பொண்டாட்டி உத்தியோகத்துக்கோசரம் நாலு மணி நேரம் பஸ்ல குந்திக்கினு போறான் பாரு எங்க தம்பி. இவன மாரி ஒரு ஆம்பள இந்த மண்டலத்துலயே கெடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு டீயைக் குடித்தேன். யாராவது ஏதாவது கேட்டால் எனக்கு அந்த இடத்தில் பதில் வராது. மறுநாள் பஸ்ஸில் போகும்போது வரும். பிச்சாட்டூர் தாண்டுவதற்குள் நல்ல நல்ல பதில்களாக வரும். கேட்டவர்தான் இருக்கமாட்டார்.

இந்தப் பயணத்தில் நான் இழந்ததை மறைக்க மாட்டேன். பனிக்காலத்தில் எங்கள் ஊரை வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். என் மகள் ஸ்கூல் விழாவில் கோலாட்டம் ஆடியதை மூன்று வருஷமும் போனில்தான் பார்த்தேன். வார நாளில் யாராவது இறந்துபோனால் எல்லாம் முடிந்த பிறகுதான் போய் நிற்பேன். இடுப்புக்கு நிரந்தரமாக ஒரு பெல்ட் வந்துவிட்டது.

வந்தது என்ன என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. முதல் ஆளாக ஏறுவதால் மூன்றாவது வரிசையில் இடதுபக்க ஜன்னல் எனக்கு. ஒருவரும் என்னை எதுவும் கேட்காத இரண்டு மணி நேரம். வீட்டிலும் வேலையிலும் அப்படி ஒரு நேரம் எனக்குக் கிடையாது. ஆரணியாறு அணைக்கட்டுப் பக்கம் வரும்போது பொழுது விடியும். தண்ணீர் இருக்கிற வருஷத்தில் அதில் மலை தெரியும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும் வரை படிப்பேன். கையில் கிடைத்த வாரப் பத்திரிகை, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய நாவல், எதுவானாலும் சரி. பத்தாவதில் படிக்காததையெல்லாம் இந்த ரோட்டில்தான் படித்தேன். இப்படி நாலு வரி எழுதவும் அந்த ஜன்னலோரத்தில்தான் வந்தது. பஸ்ஸில் எழுதினால் எழுத்து ஆடும், வீட்டில் திருப்பி எழுதிக்கொள்வேன்.

எங்கள் பஸ்ஸில் இன்னொரு வழக்கமும் எனக்கு மிகவும் பிடிக்கும். பஸ் எந்த இடத்திலும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அதனால் நான் ஏறி உட்கார்ந்ததும் அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அவர் வீட்டை விட்டு ரோட்டுக்கு வருவார். அவர் ஏறியதும் அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். இப்படியே நாகலாபுரம் வரைக்கும் போகும். இப்போது பேசினால் தனியாகக் காசு ஆகிறதில்லை, ஆனாலும் யாரும் எடுப்பதில்லை. ஒரு வார்த்தை பேசாமல் ஒன்பது வருஷம் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு வந்தோம்.

போன ஆடி மாசத்தில் ஒரு நாள் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் எங்கள் பஸ்ஸில் ஏறினார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்கில்தான் பேசுவார். பிச்சாட்டூர் வருவதற்குள் தலைகளை எண்ணிவிட்டார்.

"நகரி சைடு பதிஹேடு மந்தே. இரவை அயிது காவாலி" என்றார்.

நகரிப் பக்கத்திலிருந்து பதினேழு பேர்தான் வருகிறோம், இருபத்தைந்து வேண்டும். மாசக் கடைசியில் மறுபடி எண்ணுவாராம். குறைந்தால் அடுத்த மாசத்திலிருந்து பஸ் நாகலாபுரத்திலிருந்துதான் புறப்படும். எங்கள் ஊரிலிருந்து நாகலாபுரத்துக்கு அந்த நேரத்தில் வேறு பஸ் கிடையாது.

பஸ்ஸில் இருந்த சின்ன வயதுக்காரர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஒருவன் சொன்னான்: "நாங்க நாலு பேரா சேந்து தடா பக்கம் ரூம் எடுத்துக்குவோம்ணா. உன் கதிதான் இன்னாவோ."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வேல வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். சத்தியவேட்டுக்கே போயிடலாம்" என்றாள். குரலில் கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. மறுநாளைக்கு என்ன குழம்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், ஏற்கனவே கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

நான் சாப்பிட்ட கையோடு எழுந்து போனேன். "எழுதிக் குடுக்கத் தேவையில்ல. எட்டுப் பேருதானே? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "யாரு, நீங்களா?"

கம்பெனியில் அப்போது பேக்கிங் செக்‌ஷனுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது போதும், பெண்கள் வந்தால் இன்னும் நல்லது. ஆக வேலை இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஆள்தான் வேண்டும். நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன். பாதி தமிழ், பாதி தெலுங்கு. தெலுங்கை என் மகள் எழுதிக் கொடுத்தாள். பதினோரு பிரதி எடுத்து டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி, பக்கத்து இரண்டு கிராமம் எல்லா இடத்திலும் ஒட்டினேன். ஒரு வாரம் ஆயிற்று. ஈ, காக்கைகூட வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பால் ஊற்றப் போன மனைவி, நோட்டீஸைக் கிழித்துக் கையோடு கொண்டு வந்தாள்.

"இன்னாங்க, இதுல போன் நம்பரு எங்க?"

"வேணும்ன்றவங்க காலைல அஞ்சரைக்கு பஸ்ஸாண்ட வந்து கேக்கலாம்னு போட்டுக்கீறேனே."

"அந்த நேரத்துக்கு பல்லு வெளக்காம எழுந்து வந்து உங்கள வெசாரிப்பாங்களா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போன் பண்ணா பேசணுமேன்னு பயம். உண்மைய சொல்லுங்க."

உண்மைதான். எழுதும்போது நம்பரைப் போட்டேன். பிறகு, பத்துப் பேர் பத்து நேரத்தில் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று நினைத்து அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆளு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். போன ஜூன்ல எங்க சென்டர்ல இருந்து பதினோரு கொழந்தைங்க ஒண்ணாங்கிளாஸ் போச்சி. அதுங்க அம்மாங்கள்ல ஏழெட்டுப் பேரு பத்தாவது பாஸு. பொழுதுக்கும் ஊட்ல குந்திக்கினு இன்னா பண்றதுன்னு என்கிட்டயே கேட்டுக்கீறாங்க. ஞாயித்துக்கெழமை கெளம்புங்க, போலாம்."

எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எத்தனை கிலோ எடை, எந்த வீட்டில் மாமியார் சொல்வது நடக்கும், எந்த வீட்டில் மருமகள் சொல்வது நடக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். பத்து வருஷமாக ஒவ்வொரு வாசலிலும் நின்றவள். அன்றைக்கு அவள் முன்னால் நடக்க, நான் நாலடி பின்னால் நடந்தேன்.

முதல் வீட்டில் மாமியார் அம்மாள் வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மருமகள் கதவோரம் நின்றாள். என் மனைவி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "பஸ்ஸப் பத்தி எனக்கு இன்னா தெரியும்? இவரக் கேளுங்க" என்று அந்த வீட்டுப் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லு நைனா" என்றார் அந்த அம்மாள். "ரெண்டு மணி நேரம் பஸ்ல இட்டுக்கினு போறீங்களே, ஒடம்பு தாங்குமா?"

"கஷ்டந்தான் அத்தே" என்றேன்.

என் மனைவி என்னை முறைத்தாள். ஆனால் வாயைத் திறந்துவிட்டேன், நிறுத்தத் தெரியவில்லை. "மொத ஒரு மாசம் இடுப்பு கழண்டு வுழுந்துடும். பிச்சாட்டூர் தாண்டுனா ரோடு சரியில்ல. சாயங்காலம் வந்தா துன்னுட்டுப் படுக்கத்தான் தோணும், கொழந்த பேசறது காதுல ஏறாது. ஸ்கூல்ல அது ஆடறத பாடறத பாக்க முடியாது. ஊர்ல நல்லது கெட்டது எதுக்கும் நேரத்துக்கு வர முடியாது. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நம்முளுது."

அந்த அம்மாள் கையிலிருந்த கடலையை முறத்தில் போட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா டீச்சரு, உன் ஊட்டுக்காரு ஆளு சேக்க வந்தாரா, வர்ற ஆளத் தொரத்த வந்தாரா?"

பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைக் கேட்டார்: "இவ்ளோ கஷ்டம்ன்றே. அப்ப நீ ஏன் நைனா ஒம்போது வருசமா போய்க்கினு கீறே?"

இதற்குப் பதில் மறுநாள் பஸ்ஸில் வருவதற்காகக் காத்திருக்க முடியாது. "நான் போயிக்கினு இருக்கறதாலதான் இவ இங்க டீச்சரா கீறா" என்றேன். "நான் பக்கத்துல குடி போயிருந்தா எனக்கு சொகம். இவ படிச்ச படிப்பு வீணாப் போயிருக்கும். எட்டாவதுல நின்னவ அத்தே, அடுப்பாண்ட குந்திப் படிச்சி பாஸ் பண்ணா. இந்த ஊர்ல எத்தினி கொழந்தைங்க இவ கையில பேசக் கத்துக்கிச்சிங்க. அதுக்கு நாலு மணி நேரம் பஸ்ல குந்தனா இன்னா?"

என் மனைவியைப் பற்றி நான் பிறர் முன்னால் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் பேரனுடைய சட்டைப் பித்தானை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கதவோரத்திலிருந்து மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "நான் போறேன் அத்தே. கொழந்தைய ஸ்கூலுக்கு மட்டும் நீங்க அனுப்புங்க."

"காலைல சமையலு?"

"செஞ்சி வெச்சிட்டுப் போறேன்."

"டிபனு கம்பெனிலயே போடுவாங்க, அத்தே" என்றேன் நான்.

"அவளுக்குப் போடுவாங்க. எனக்கு யாரு போடுவா?" என்றார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தோம். அவர் முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். "ஆளு சேக்க வர்றவன் எல்லாம் நல்லதத்தான் சொல்லுவான். இந்தப் புள்ள இருக்கற கஷ்டத்த மொதல்லயே சொல்லிப்புட்டான். போயிப் பாரு. முடியலன்னா நின்னுக்கோ."

நானும் என் மனைவியும் அங்கிருந்து கிளம்பினோம். தெரு முனை வந்ததும், "அடுத்த ஊட்லயும் மொதல்ல கஷ்டத்தயே சொல்லுங்க" என்றாள். அதுவரை நாலடி முன்னால் நடந்தவள், அப்போது பக்கத்தில் நடந்தாள்.

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. ஒரு வீட்டில் புருஷன்காரர், "எங்கூட்டுப் பொம்பள அவ்ளோ தூரம் போயி சம்பாரிக்கற நெலம வரல" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு பெண் சரி என்று சொல்லி, மூன்றாம் நாள் பஸ்ஸில் வாந்தி எடுத்து நின்றுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் சொன்ன கஷ்டத்தில் வாந்தியைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஆனால் கடலை உரித்த அம்மாள் தண்ணீர்க் குழாயடியில், கோயிலில் என்று பார்த்த இடமெல்லாம் சொல்லிவிட்டார். பக்கத்து கிராமத்திலிருந்து இரண்டு பேர் தாங்களாகவே என் மனைவியைத் தேடி வந்தார்கள். இன்டர்வியூவுக்கு அவர்களை நானே கம்பெனிக்கு அழைத்துப் போனேன். ஏழு பெண்கள் சேர்ந்தார்கள்.

எட்டாவது ஆள் ஒரு காலை பஸ் முனையில் நின்றிருந்தார். என் வயதுக்காரர், நகரியில் வேறொரு ஷெட்டில் வேலை செய்தவர். நோட்டீஸைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். பஸ் வரும் வரை இருவரும் பேசாமல் நின்றோம். பஸ் விளக்கு தெரிந்ததும், "நம்பரு போட்டிருந்தா வந்திருக்க மாட்டேன். எனக்கு போன்ல பேச வராது" என்றார். அன்றைக்கே மகிழ்ச்சியோடு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

மாசக் கடைசியில் இன்சார்ஜ் வந்தார். பிச்சாட்டூரில் ஏறி ஒவ்வொரு வரிசையாக எண்ணிக்கொண்டு பின்னால் போனார். திரும்பி வந்து எண்ணினார். எனக்கு விஷயம் முன்பே தெரியும். கடலை உரித்த அம்மாளுடைய மருமகள் அன்று வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். இருபத்து நாலு.

"இரவை நாலுகு" என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

பஸ் முழுக்க என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. நான் எழுந்தேன். மேலே பை வைக்கும் கம்பியில் தலை இடித்தது. அந்த வலியில் கூச்சம் கொஞ்சம் மறந்துவிட்டது. ஒரு பெண் லீவு, பிள்ளைக்குக் காய்ச்சல், நாளைக்கு வருவாள், வேண்டுமானால் வருகைக்கான பஞ்ச் ரிப்போர்ட்டைப் பாருங்கள், இரண்டு வாரமாக ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று தெலுங்கில் சொன்னேன். அதோடு விடாமல், "இந்த ஒரு தலைக்காக பஸ்ஸை நிறுத்தினால் இந்த இருபத்து நாலு பேரில் பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவார்கள் சார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். கடைசி வரியை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பின் சீட்டிலிருந்து ஒருவன், "அண்ணனுக்கு வாய் கீதுடா!" என்று கத்தினான்.

இன்சார்ஜ் இருபத்தைந்து என்று எழுதினார். இறங்குவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக பஸ் இரண்டு கிராமம் சுற்றி வரவேண்டும். அதனால் திங்கட்கிழமையிலிருந்து ஐந்தரைக்குப் பதிலாக ஐந்து பத்துக்குப் புறப்படும். முதலில் ஏறுகிறவன் நான். ஆட்களை நானே தேடிச் சேர்த்து, என்னுடைய இருபது நிமிஷத் தூக்கத்தை நானே கொடுத்தேன். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் மனைவி தரையில் உட்கார்ந்து பழைய அட்டைப்பெட்டியில் பிள்ளைகளுக்காக யானை வெட்டிக்கொண்டிருந்தாள். பஸ் தொடர்ந்து வரும் என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஐந்து பத்து என்றதும் மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் நாலு மணிக்கே எழணுமா?"

"நான் எழுந்து டீ போட்டுக்கறேன். நீ தூங்கு."

"ஐய, டீ போட்ற மூஞ்சியப் பாரு" என்றாள். பிறகு யானையின் தும்பிக்கையைச் சுற்றி மெதுவாக வெட்டிக்கொண்டே, "சூப்பர்வைசர் மேடம் வர்ற வாரம் சென்டர பாக்க வர்றாங்களாம். பத்து யானை வேணும். ஆறுதான் ஆச்சி" என்றாள்.

நான் கை கால் கழுவிக்கொண்டு வந்து இன்னொரு கத்தரிக்கோலை எடுத்தேன். என் யானைகளுக்குக் கால் கோணலாக வந்தது. அவள் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று அவற்றையும் சேர்த்து அடுக்கினாள். திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு நான் பஸ் ஏறினேன். ஒன்பது மணிக்கு அவள் போய் சென்டரைத் திறந்தாள்.